தரையில் கிடந்த உப்புத் தண்ணீர்

மீன்தொட்டி வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. என்னோடு வேலை செய்த ஒருத்தி குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். கடல்மீன் தொட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கேன்டீனில் உட்கார்ந்து அழுதாள். "யாரும் எடுத்துக்கலன்னா எல்லாம் செத்துடும்டி" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர், இடம் இருக்கிறது, குழந்தை குட்டி இல்லை. என்னிடம் எதையாவது ஒப்படைப்பதற்கு ஜனங்களுக்கு இவ்வளவு காரணம் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் ஓரம் சந்தாபுராவில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டு ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. அதைத் தாங்க ஒரு மர அலமாரி. அலமாரிக்குள்ளே இன்னொரு சின்னத் தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வழிந்து, அங்கே சுத்தமாகி, மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும். நாள் முழுக்க இதே வேலை. உள்ளே துளை துளையான கற்கள், இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு மஞ்சள் மீன்.

நைனாவுக்கு அது வந்த நாளிலிருந்தே பிடித்துப்போனது. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள்ளே பம்ப் ஓட்டியவர். அடியில் ஊறும் தண்ணீரை ஓயாமல் மேலே ஏற்றி அனுப்புகிற வேலை. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஏதேதோ கேட்டுகளில் வாட்ச்மேனாக நின்றார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு வந்துவிட்டார். என் கல்யாணம் அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே முறிந்துபோயிருந்தது. தொட்டி வந்ததும் ஒரு பிளாஸ்டிக் சேரை அதற்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

வேலை என்னவோ என் தலையில். கடல்தண்ணீரை வீட்டிலேயே தயார் செய்ய வேண்டும். ஃபில்டர் தண்ணீரைப் பெரிய நீல பக்கெட்டில் பிடித்து, உப்புத்தூளை அளந்து போட்டு, ஒருநாள் முழுக்கச் சின்ன மோட்டார் விட்டுக் கலக்கி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டு இதை ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பதால் தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஒரு செம்பு சேர்க்க வேண்டும். பொம்மசந்திராவில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை எனக்கு. காலை ஏழரைக்கு பஸ். அதற்கு முன்னால் சமையல், நைனாவின் மாத்திரை, மீனுக்குத் தீனி, இந்தச் செம்புத் தண்ணீர்.

வந்த இரண்டாம் மாதமே தொட்டி தன் வேலையைக் காட்டியது. பகலில் கரண்ட் போயிருக்கிறது. மோட்டார் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கி, கீழ்த்தொட்டி நிரம்பி, ஹால் முழுக்க ஓடியிருக்கிறது. நான் சாயங்காலம் படியேறி வந்தபோது கீழ்வீட்டு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரிடையர்ட் டீச்சர், கன்னடக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார், அவசரம் என்றால் பாதி கன்னடமாகிவிடும்.

"பாரும்மா, நம்ம ரூம்ல சீலிங் எல்லா நீர் எறங்கிடுச்சு. ஸ்வல்ப வந்து நோடு."

போய்ப் பார்த்தேன். அவர் கட்டிலுக்கு நேர் மேலே ஈரம் ஒரு தட்டு அகலத்துக்குப் படர்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். மேலே வந்து ஹாலைத் துடைத்தேன். உப்புத் தண்ணீர் ஒருமுறை துடைத்தால் போகாது. காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மூன்று முறை துடைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டேன். இனிமேல் கரண்ட் போனால் மட்டம் ஓட்டைக்கு இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து தண்ணீர் திரும்புவது நின்றுவிடும். மோட்டாரை நிறுத்தி நிறுத்திச் சோதித்தேன். சரியாக நின்றது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொட்டிக்கு முன்னால் தரை ஈரமாக இருந்தது. அகலமாக இல்லை, ஒரு முறம் அளவுக்கு.

"நைனா, இது என்ன தண்ணி?"

"தொட்டி ஒழுவுது போல கீது" என்றார், மீனைப் பார்த்துக்கொண்டே.

நான் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இந்தத் தொட்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். நல்ல தண்ணீராக இருந்தால் நான் செம்பிலிருந்து சிந்தியது, உப்பாக இருந்தால் தொட்டி. உப்புக் கரித்தது.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்து நனைகிறதா என்று பார்த்தேன். நனையவில்லை. ரப்பர் வளையங்களை மாற்றினேன். கண்ணாடி மூலைகளில் சிலிக்கான் பூசினேன். சிலிக்கான் காயும்வரை மீன்களை பக்கெட்டில் வைத்திருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஆபீசில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து போர்டு பார்க்கும்போது கண் இருட்டும். புதன்கிழமை மறுபடி ஈரம். கீழ்வீட்டு அம்மா மறுபடி படியேறி வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருக்கலாம். "பெயின்ட் உதுருதும்மா, மெத்தைல விழுது" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு விஷயம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கீழ்த்தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தேன். ஒழுகுகிற தொட்டியில் மட்டம் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை. உப்புக் கலக்கி வைத்த நீல பக்கெட்டில்தான் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது. மூடி சரியில்லை, ஆவியாகிறது என்று நினைத்து அதன்மேல் ஒரு தட்டை வைத்தேன். போர்டில் பழுது கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் நான். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவளுக்கு அந்த மூளை இருப்பதில்லை.

கடைசியில், எங்கிருந்து ஒழுகுகிறது என்று ஒரு கருவியே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு கம்பிகளை ஒட்டாமல் ஓர் அரிசி அகல இடைவெளியில் வைத்தால், நடுவே தண்ணீர் வரும்போது அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பாயும். அதை வைத்து ஒரு விளக்கையும் பஸ்ஸரையும் இயக்கிவிடலாம். செம்புக் கம்பி உப்பில் பச்சை பிடித்துவிடும் என்பதால் ஸ்டீல் கம்பி எடுத்தேன். அதில் பற்றவைக்கிற ஈயம் பிடிக்காது, ஸ்க்ரூ வைத்து முடுக்கினேன். ஐஸ்கிரீம் டப்பா மூடியைப் பட்டையாக வெட்டி, கம்பிகளை அதில் பதித்து, ஈரத்தை இழுத்துக்கொள்ள அடியில் பழைய காட்டன் புடவைத் துண்டை ஒட்டினேன். இப்படி மூன்று பட்டைகள். ஒன்று அலமாரிக்குள்ளே. ஒன்று பின்னால், குழாய்க்குக் கீழே. மூன்றாவது முன்பக்கம், எப்போதும் ஈரம் காண்கிற இடத்தில், நைனாவின் சேருக்கு ஓரமாக. மூன்றுக்கும் மூன்று சிவப்பு விளக்கு, ஒரே பஸ்ஸர். ஒருமுறை எரிந்த விளக்கு நான் பட்டனை அமுக்கும்வரை அணையாது. அப்போதுதான் நான் ஆபீசிலிருந்து வந்து எந்த இடம் நனைந்தது என்று தெரிந்துகொள்ள முடியும். வீடு துடைக்கிற ஈரத்துக்கெல்லாம் அலறாதபடி, உப்புத் தண்ணீருக்கு மட்டும் பதில் சொல்கிற மாதிரி ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு சரிசெய்தேன்.

நைனா சேரில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"எங்க ஒழுவுதுன்னு காட்டிக் குடுக்கும் நைனா."

சுரங்கத்தில் எந்த வால்வு கசிந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். கருவியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் பட்டையும் பின்னால் இருக்கும் பட்டையும் காய்ந்து கிடந்தன. தொட்டியிலிருந்து எங்கே கசிந்தாலும் முதலில் அந்த இரண்டில் ஒன்றைத் தொடாமல் முன்பக்கம் வர வழியே இல்லை. கருவியில்தான் தப்பு என்று நினைத்தேன். பட்டைகளை இடம் மாற்றிப் போட்டேன். அதற்கு அடுத்த நாள் வந்தபோது ஒரு விளக்கும் எரியவில்லை, தரை மட்டும் ஈரம். பெட்டியைத் திறந்தால் பேட்டரி இல்லை. டிவி மேல் இருந்தது.

"சத்தம் மண்டையப் பொளக்குது. அதான் கழட்டினேன்" என்றார் நைனா.

நான் திட்டவில்லை. பேட்டரியைத் திரும்ப மாட்டி, பெட்டியை ஸ்க்ரூ போட்டு மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். நான் பின் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் பஸ்ஸர் அலறியது. கையிலிருந்த பெட்ஷீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

நைனா சேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். லுங்கி தொடையிலிருந்து கீழே நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. காலடியில் ஈரம். நீல பக்கெட்டின் மூடி திறந்து கிடந்தது. அவர் கையில் குளியலறை மக். அதிலிருந்த உப்புத் தண்ணீரில் பாதி ஏற்கெனவே தரையில் இருந்தது, மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்திருந்தார்.

"அத்த மொதல்ல நிறுத்தும்மா" என்றார்.

பட்டனை அமுக்கினேன். சத்தம் நின்றது. கீழே யாரோ கதவு சாத்துவது கேட்டது.

அந்த நேரத்தில் அன்பாக ஏதாவது சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை.

"எத்தன நாளா இது?"

"தெர்ல."

"நாலு ஞாயித்துக்கிழம நான் இந்தத் தரையில படுத்துக் கெடந்தேன் நைனா. கண்ணாடிய ஒட்டினேன், குழாய மாத்தினேன். நீ இங்கதான உக்காந்திருந்த?"

"பார்த்துகினுதான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் மக்கைக் கீழே வைக்கக் குனிந்தார், முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். "எழுந்திருக்கறதுக்குள்ள வந்துடுதும்மா. பாத்ரூம் வரைக்கும் தாங்கல. உங்கம்மா இருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன். பொண்ணாண்ட எப்டி சொல்றது?" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "தொட்டி மேல பழியப் போட்டா யாருக்கும் கஷ்டம் இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் போனதா என்றால், போகவில்லை. அலுப்பு அதை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். வேறு லுங்கி எடுத்துக் கொடுத்தேன். அவர் மாற்றிக்கொண்டு வந்து துடைக்கிற துணியை என் கையிலிருந்து வாங்கினார். நான் விட்டுவிட்டேன். சேரைப் பிடித்துக்கொண்டு அவர் துடைப்பதைச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன். அவர் விட்ட இடங்களை, அவர் உள்ளே போனதும், இன்னொரு முறை துடைத்தேன். நான் நாக்கில் வைத்துப் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குளியலறைக்குப் போய் வாய் கொப்பளித்தேன். கொப்பளிக்கும்போது சிரிப்பு வந்தது, பிறகு அழுகையாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அறைக்குள் போகும்போது நைனா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வெளிய இரு" என்றார். இருபது நிமிஷம் வெளியே இருந்தேன். என்னிடம் ஒரு வரியில் சொன்னதை முன்பின் தெரியாத அந்த மனுஷரிடம் அவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ப்ராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கிறது, மூத்திரப்பை நிரம்பித் தானாக வழிகிறது, இரண்டு வருஷமாகவாவது இருந்திருக்கும் என்றார் டாக்டர். வயசானவர்களுக்குச் சகஜம், சரிசெய்யலாம், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ரத்தப் பரிசோதனைக்கு நீண்ட வரிசை. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நைனா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "உங்கத்த சாவுக்கு நான் போகலன்னு நீ ஒரு மாசம் எனக்கு மொகம் குடுத்துப் பேசல" என்றார்.

அத்தை அவருடைய ஒரே தங்கை. தொட்டி வந்த முதல் வாரம் தங்கவயலில் இறந்துபோனாள். முட்டி வலிக்கிறது, வரமாட்டேன் என்று இவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் தனியாகப் போனேன். அண்ணன் எங்கே என்று கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். திரும்பி வந்த பிறகு இவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"முட்டி வலின்னுதான சொன்ன?"

"மூணு மணி நேரம் வண்டியில எப்டிம்மா உக்காருவேன்? அங்க ஜபம், பாட்டு, அத்தன பேரு நடுவுல. நின்னுகினு இருக்கறப்ப ஆயிட்டா?" அவர் கையில் இருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பி மடித்தார். "அவள மண்ணுல எறக்கறப்ப நான் இங்க மீனப் பார்த்துகினு உக்காந்திருந்தேன்."

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைத் தனித்தனியாகச் சொல்ல என்னால் முடியாது. எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. முதலில் டியூப் போட்டு இடுப்பில் பை மாட்டினார்கள். பிறகு ஆபரேஷன், மறுபடி டியூப். பையை நான்தான் காலி செய்தேன். முதல் நாள் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாளும் திருப்பிக்கொண்டார். ஐந்தாம் நாள், "இன்னிக்கு நெறம் தேவலையா?" என்று கேட்டார். தேவலை என்றேன். லீவு முடிந்து நான் ஆபீஸ் போகத் தொடங்கியபோது மதியச் சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டுப் போவேன். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவேன். இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப நடந்தேன். ஆரஞ்சு மீன்களில் ஒன்று செத்து மிதந்தது. தண்ணீர் மாற்ற மறந்துவிட்டேன். அதை எடுத்துப்போட்டபோது ஒன்றும் தோன்றவில்லை.

ஒருநாள் கீழ்வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் சாரு, அவர்கள் வீட்டு ரசம், கொண்டுவந்து கொடுத்தார். நைனாவைப் பார்த்துவிட்டு, "ஈக ஹேகிதீரா?" என்று நலம் விசாரித்தார். கிளம்பும்போது, "சீலிங் ஒணங்கிடுச்சும்மா. எங்க இருந்துது லீக்?" என்று கேட்டார். நைனா சேரில் இருந்தார். மீனைப் பார்க்கிற மாதிரி இருந்தார், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடியில ஒரு கண்ணாடி விட்டுப்போயிருந்துச்சு டீச்சர். ஒட்டிட்டேன்" என்றேன். பெயின்ட் ஆளை நானே அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. படியிறங்கும்போது, என் கையைத் தட்டி, வயசானவர்கள் இருக்கிற வீடு என்றால் அப்படித்தான், நீ கொஞ்சம் தூங்கு என்றார்.

நைனா தேறிவிட்டார். முழுக்க என்று சொல்ல முடியாது. தும்மினால் லேசாகக் கசிகிறது, அதற்கு ஒரு பேட் வைத்துக்கொள்கிறார். அதைக் கடையில் கேட்டு வாங்குவது நான். காலையில் தொட்டிக்குச் செம்புத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அவர் வேலை. கீழ்த்தொட்டிக் கோட்டைப் பார்த்து அளவாக ஊற்றுகிறார்.

அத்தை இறந்து வருஷம் திரும்பியபோது தங்கவயலில் நினைவு ஜபம் வைத்தார்கள். நான் கூப்பிடவில்லை. அவரே முந்தின நாள் வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணக் கொடுத்துவிட்டு வந்தார். கார் சொன்னோம். அத்திபெலெ தாண்டி மாலூர் ரோட்டில் திரும்புவதற்குள் நான் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். வழியில் எந்த இடமும் எனக்குத் தெரியாது. விழித்தபோது கார் நின்றிருந்தது. சர்ச் வாசலில் அத்தையின் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நைனா ஏற்கெனவே இறங்கி, ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்.

கழுத்தைத் தேய்த்துக்கொண்டு டிரைவரிடம் கேட்டேன், "வழியில எங்கயாவது நின்னோமா?"

"ரெண்டு எடத்துல நிறுத்தச் சொன்னாரும்மா" என்றார் அவர். "உங்கள எழுப்ப வேணாம்னு சொல்லிட்டார்."